படத்தில் ஆறிய புண்

என் தம்பிக்குக் கருத்து இல்லாத போன் இந்த உலகத்தில் இன்னும் வெளிவரவில்லை. வெளிவராத போன்களைப் பற்றியும் அவனுக்குக் கருத்து உண்டு. எங்கேயோ ஒரு கம்பெனி அடுத்த வருடம் மடிக்கிற போன் விடப்போகிறது என்று செய்தி வந்தால், அந்த மடிப்பில் கோடு விழுமா விழாதா என்று இவன் இங்கே சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பான். பெட்டிக்குள் சார்ஜர் வைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த அன்று வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனை மெலிசாக்குகிறோம் என்று ஒருவர் பேட்டரியைச் சின்னதாக்கிவிட்டாராம். "மெலிசா இருந்து என்னக்கா பண்றது, சாயங்காலம் ஆனா செத்துப் போகுதே" என்று என்னிடம் நியாயம் கேட்டான், என்னவோ நான்தான் அதைச் செய்தவள் மாதிரி.

வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். வைத்தவர் என் வீட்டுக்காரர். சொந்தத்தில் யார் போன் வாங்குவதாக இருந்தாலும் முதலில் இவனிடம் தீர்ப்பு வாங்கிக்கொண்டுதான் கடைப் படி ஏறுவார்கள். பகலில் அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் தங்கியிருந்த அறையில் ஜன்னல் என்பது பேருக்குத்தான். எங்கள் சமையலறையிலோ சாயங்கால வெளிச்சம் மேடைமேல் அப்படியே வந்து விழும். நான் மேடையைத் துடைத்து முடிப்பதற்குள் கறுப்புத் துணியை விரித்து, போனை அதன்மேல் கிடத்தி, எதிரே இன்னொரு போனை நிறுத்தி வைத்து, அன்றைய செய்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். அதைக் கேட்க எங்கெங்கோ சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களோடு சேர்த்து நானும் ஒருத்தி, வெங்காயம் நறுக்கிக்கொண்டு.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். அவனுக்குக் கண் உண்டு, அதை மறுக்க முடியாது. கண்ணாடியில் மயிரிழை போலக் கீறல் இருந்தாலும் சாய்த்துப் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவான். இரண்டு கறுப்புப் போன்களைக் காட்டி, இது நீலம் கலந்த கறுப்பு, இது பழுப்பு கலந்த கறுப்பு என்பான். நான் சலவைக்கூடத்தில் கறை பார்த்துத் துணி பிரிக்கிறவள். எனக்கே அந்த வித்தியாசம் இரண்டாவது தடவை பார்த்தால்தான் பிடிபடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பது அவன் வைத்திருந்த சட்டம். ஒரே பொருள், ஒரே வெளிச்சம், இரண்டு போன், இரண்டு படம். அதற்கப்புறம்தான் தீர்ப்பு.

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். சர்க்கரை அவருக்கு நெடுநாள் உறவு. பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்திருந்தது, அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம். புது ஷூவில் உள்பக்கத் தையல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது வலது கால் பெருவிரலுக்கு அடியில் நாள் முழுக்க உரசியிருக்கிறது. இவருக்குத் தெரியவில்லை. ஷூவைக் கழற்றியபோது காலுறை ஈரமாக இருந்ததைப் பார்த்து நான்தான் தண்ணீர் பட்டுவிட்டதோ என்று கேட்டேன்.

மருத்துவமனையில் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். புண்களைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு நர்ஸ் இருந்தார், நல்ல மாதிரி, பொறுமையாகப் பேசுகிறவர். இவரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். கட்டு மாற்றுவதை நானே வீட்டில் செய்வது. மாற்றும்போது புண்ணைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவது. படத்தைப் பார்த்து அவர் பதில் சொல்லுவார். மாதம் ஒரு முறை நேரில் போனால் போதும்.

முதலில் நான் அனுப்பிய படங்களைப் பார்த்து நர்ஸ் பதறிப்போனார். என் பழைய போனில் எல்லாம் மங்கலாக, இருட்டாக விழுந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றார். இது ஜட்ஜ் காதில் விழுந்தது. அவ்வளவுதான், மறுநாளே புதுப் போன் ஒன்றோடு வந்து நின்றான். அந்த மாதம் முழுக்க அவன் வாயில் வேறு பேச்சே இல்லை, அந்தப் போனின் கேமராதான். மனுஷத் தோலைப் பார்த்தாலே அதுக்குத் தெரிஞ்சிடுமாம், எந்த வெளிச்சத்திலும் தெளிவாகக் காட்டிவிடுமாம்.

"இனிமே கேமரா வெறுமனே பார்க்கிறது இல்லக்கா. புரிஞ்சுக்குது" என்றான்.

"உங்க மாமாவையே எனக்கு இத்தனை வருஷத்துல புரியல. அதுக்குப் புரிஞ்சுதா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். போனை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவனே உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தான். அதில் இருந்த வசதி ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் முடுக்கிவிட்டான். ஏண்டா இத்தனை, எனக்கு எதுக்கு என்று கேட்டதற்கு, "காசு குடுத்து வாங்கிட்டு வசதியை அணைச்சு வைக்கிறதாக்கா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டான். என் பழைய போனை, ஒப்பிட்டுக் காட்ட ஒரு மட்டமான போன் வேண்டும் என்று அவனே எடுத்துக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் படங்கள் கண்ணாடி போல விழுந்தன. நர்ஸுக்குத் திருப்தி. எனக்கு அதைவிடத் திருப்தி. முதுகுவலிக்காரி நான், குனிந்து அவர் உள்ளங்காலைப் பார்ப்பது எனக்குப் பெரும்பாடு. இப்போது காலை முக்காலிமேல் தூக்கி வைக்கச் சொல்லி, நின்றபடியே ஒரு படம் எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டால் போதும். கட்டைக் கைப்பழக்கத்திலேயே சுற்றிவிடுவேன். அவரும் கையை நீட்டுவார், போனைக் கொடுப்பேன். தன் உள்ளங்காலை அவர் நேராகப் பார்த்ததே கிடையாது. குடும்பமே அந்தக் காலைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

படத்தில் புண் ஆறிக்கொண்டு வந்தது. சுற்றிலும் தோல் ஒரே நிறமாக, சீராக இருந்தது. ஒருநாள் கட்டு மாற்றும்போது என் உள்ளங்கையில் அவர் பாதம் சுட்டது. நர்ஸிடம் சொன்னேன்.

"சூடா இருக்குங்க, சிஸ்டர்."

"படத்துல நல்லா இருக்கேம்மா. வெயில்ல வந்தாரா?"

வெயிலில்தான் வந்திருந்தார். படத்தில் சூடு தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை. அவருக்கு உடம்பு அசதியாக இருந்தது. ஷிஃப்ட் மாறியதால் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த வாரம் ஒரு செய்தி வந்தது. அந்தப் போனின் கேமராவை இன்னும் மேம்படுத்திப் புதிய அப்டேட் விட்டிருக்கிறார்களாம். ஜட்ஜ் தலைகால் புரியாமல் ஓடிவந்தான். ஒரு பக்கம் என் பழைய போன், மறுபக்கம் புதுப் போன். இரண்டாலும் வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தான். திரைச்சீலையை எடுத்தான், தக்காளியை எடுத்தான், வேண்டாம் வேண்டாம் என்று நான் முந்தானையால் மறைக்க மறைக்க என் முகத்தையும் எடுத்தான். அன்று என் வீட்டுக்காரர் கட்டு மாற்றுவதற்காகக் கட்டைப் பிரித்துக் காலை முக்காலிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, என் காலையும் எடுத்துக்கோ. ஊரே பார்க்கட்டும்" என்றார்.

இரண்டு போனாலும் அதையும் எடுத்துக்கொண்டு, சமையலறை மேடையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பேச ஆரம்பித்தான். நான் உள்ளே காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவன் குரல் வழக்கம்போல ஏற்ற இறக்கத்தோடு போய்க்கொண்டிருந்தது. திரைச்சீலைக்கு ஒரு கருத்து. தக்காளிக்கு ஒரு கருத்து. என் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டதாம், அதற்கொரு நக்கல். "அடுத்து, இடது பக்கம் பழைய போன், வலது பக்கம்..." என்றவன் நிறுத்தினான். மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன். குரல் திரும்ப வரவேயில்லை.

"அக்கா, இங்க வாயேன்."

போனேன். முகத்தில் ஈயாடவில்லை அவனுக்கு. திரையில் ஒரே கால் இரண்டு பக்கமும் இருந்தது. வலது பக்கம் நான் தினமும் பார்த்துப் பழகிய கால். இடது பக்கம் இருந்தது வேறு யாருடைய காலோ என்று ஒரு கணம் நினைத்தேன். பழைய போனில் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் புண்ணிலிருந்து கிளம்பிய ஒரு கருஞ்சிவப்பு, பட்டையாக, பாதத்தின் உள்வளைவு வரைக்கும் போயிருந்தது.

அவன் எழுந்து ஓடி, மாமா காலடியில் தரையில் உட்கார்ந்து, கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்தான். நானும் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இடது பக்கப் படம்தான் உண்மை.

"என்ன ரெண்டு பேரும் கால்ல விழுறீங்க?" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே சீழ் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பெருவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். வேறு வழி இருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "பிரேக் மிதிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டார். ஆறினபிறகு பார்க்கலாம் என்றார் மருத்துவர்.

வெளியே நாற்காலி வரிசையில் நானும் தம்பியும் உட்கார்ந்திருந்தோம். புதுப் போன் அவன் கையில் இருந்தது. அமைப்புகளுக்குள் போய் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினான். தோலைச் சீராக்கிக் காட்டும் வசதி. அதற்கு நேரே இருந்த பொத்தான் பச்சையாக இருந்தது.

"நான்தான்கா போட்டேன். முகத்துக்குத்தான்னு நினைச்சேன். தோல் எங்க இருந்தாலும் பண்ணும்னு..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடத்தில் என் பெற்றவர்களே இருந்தாலும் அடக்கியிருக்க முடியாது.

"உலகத்துல இருக்கிற எல்லாப் போனுக்கும் கருத்து சொல்றியே, ஒரு காலைப் பார்க்கத் தெரியலையேடா உனக்கு" என்றேன்.

சொன்ன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினமும் அந்தக் காலைத் தொட்டவள் நான், சுடுகிறது என்று தெரிந்தும் படத்தை நம்பியவள் நான், படத்தைப் பார்த்துப் பதில் சொன்னவர் நர்ஸ். பங்கு போட்டுக்கொள்ள எல்லாருக்கும் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு முழுவதையும் அவன் தலையிலேயே கட்டினேன்.

இரண்டு விரலோடு போனது. வீட்டுக்கு அனுப்பும்போது அறுவை மருத்துவர் எங்களை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னார். இந்தக் காலில் ரத்த ஓட்டம் குறைவு. திரும்பவும் நோய் ஏறினால் வேகமாக ஏறும். அப்படி ஏறிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர அவர் கையில் ஒன்றும் இல்லை. தையல் சுற்றி நிறம் மாறினாலோ சூடு கண்டாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அந்த நேரமே கிளம்பி வர வேண்டும். என் வீட்டுக்காரர் சரி சரி என்று தலையாட்டினார்.

அவர் யாரையும் திட்டவில்லை. ஜட்ஜிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அவன் அறைக்குள் வந்தால் சுவரைப் பார்ப்பார்.

தம்பி நடந்ததை அப்படியே பேசிப் பதிவுபோட்டான். படங்களைக் காட்டவில்லை, வாயால்தான் சொன்னான். என் மாமாவின் கால் என்றான், பொத்தானைப் போட்டது நான் என்றான், மருத்துவருக்குப் படம் அனுப்புகிறவர்கள் முதலில் இதை அணையுங்கள் என்றான். சிலர் நன்றி சொல்லியிருந்தார்கள். அணைக்கத் தெரியாத நீயெல்லாம் எதுக்குடா விமர்சனம் பண்ண வந்தே என்று பலர் கேட்டிருந்தார்கள். எதிர்க் கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவர். என் பழைய போன் என்ன மாடல், எங்கே கிடைக்கும் என்று ஒருவர். எல்லாவற்றையும் அவன் உட்கார்ந்து வாசித்ததை நான் பார்த்தேன். அதற்கப்புறம் அவன் பதிவு எதுவும் போடவில்லை. செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன. மூன்றாக மடிகிற போன் வந்ததாம். அவனுக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை.

ஆனால் சாயங்காலம் வருவதை நிறுத்தவில்லை. முதல் நாள் வாசலிலேயே நான் மறித்தேன்.

"என்ன வேணும்?"

"காலைப் பார்க்கணும்."

"படம் எடுக்கவா?"

"போன் வேணாம்கா. கண்ணால பார்க்கிறேன். பார்த்துட்டு நர்ஸ்கிட்ட வாயால சொல்றேன். உனக்கு முதுகுவலி, நீ எப்படிக் குனிவே?"

நர்ஸும் அவரளவில் நொந்துபோயிருந்தார். எனக்குப் போன் செய்து அழுதார். இனிமேல் படமே வேண்டாம், யாராவது ஒருவர் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் பார்த்துச் சொன்னால் போதும் என்றார். அதற்கு இவனைவிட்டால் ஆள் இல்லை. வழிவிட்டேன்.

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. சமையலறை மேடையில் கொட்டிக்கொண்டிருந்த வெளிச்சத்துக்கு நேரே நாற்காலி. நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி என் வீட்டுக்காரர். தரையில் தம்பி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாமாவின் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொள்வான். புறங்கையால் இங்கே அங்கே தொட்டுப் பார்ப்பான், அப்புறம் அடுத்த காலைத் தொட்டு ஒப்பிடுவான். பழைய சட்டம்தான், பக்கத்தில் பக்கத்தில். போன் மேடைமேல் ஸ்பீக்கரில் கிடக்கும். நர்ஸ் கேட்கக் கேட்க இவன் சொல்வான்.

"தையலோட மேல் ஓரம் இளஞ்சிவப்பு. நேத்து மாதிரியேதான். கீழ் ஓரம் பழுப்பு, காய்ஞ்சிருக்கு. ஈரம் இல்ல. ரெண்டு காலும் ஒரே சூடு."

போனைப் பற்றிப் பேசின அதே கவனம், அதே ஒழுங்கு. ஏற்ற இறக்கம் மட்டும் போயிருந்தது. நல்லா இருக்கு என்று அவன் ஒருநாளும் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான், நல்லதா இல்லையா என்பதை நர்ஸ் சொன்னார். என் வீட்டுக்காரர் சுவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

புண் உண்மையாகவே ஆறிவந்தது. ஷூவுக்குள் வைக்க இரண்டு விரலுக்குப் பதிலாக ஒரு திண்டு செய்து கொடுத்தார்கள். அவர் கூடத்தில் நடந்து பழகினார். நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் ஒரு செங்கல்லைச் சாய்த்து வைத்து, அதை மிதித்து மிதித்துப் பார்ப்பார். பணிமனையிலிருந்து தகவல் வந்தது. வண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்களாம், தேறினால் வேலை. அதற்கு முந்தின நாள் நான் அவர் சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கதவில் மாட்டி வைத்தேன். அன்று அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது. குளிக்கும்போது பாடினார். அவர் பாட்டைக் கேட்டு யாரும் சந்தோஷப்பட்டது கிடையாது, நான் அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

தம்பி வந்தான். கையைக் கழுவினான். காலை மடியில் எடுத்து வைத்தான். நர்ஸ் ஸ்பீக்கரில் வந்தார்.

"சொல்லுங்க தம்பி."

அவன் இன்னும் கிட்டக் குனிந்தான். தொட்டுப் பார்த்தான். நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னான். திரும்பப் பார்த்தான்.

"நேத்தைவிட இப்போ எப்படி இருக்கு?" என்றார் நர்ஸ்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. அத்தனை நாளுக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. ஒரு சொல்தான் வேண்டும் அவருக்கு. அது அவன் வாயிலிருந்து வந்துவிட்டால் நாளைக்கு அவர் பேருந்தில் ஏறிவிடுவார்.

"மோசமா இருக்கு சிஸ்டர்" என்றான் தம்பி. "தையலுக்குக் கீழ, உள்பக்கம், நேத்து இல்லாத ஒரு சிவப்பு இருக்கு. லேசாத்தான். ஆனா இருக்கு. அந்த இடம் மட்டும் சுடுது."

அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அன்னைக்கு இருந்ததைப் பார்க்கல. இன்னைக்கு இல்லாததைப் பார்க்கிறான்" என்று என்னிடம் கத்தினார். "ஒண்ணும் இல்ல. நடந்து பழகினேன், சிவந்திருக்கு. எனக்கு நாளைக்கு டெஸ்ட். இவன் பேச்சைக் கேட்டுத்தானே ரெண்டு விரலைக் குடுத்தேன், இன்னும் என்ன வேணுமாம் இவனுக்கு?"

தம்பி தரையிலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. "மாமா, அடிக்கணும்னா அடிங்க. ஆனா கிளம்புங்க" என்றான்.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. தொட்டால் சுடுவதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. ஒரு பக்கம் கதவில் தொங்கும் சீருடை. இன்னொரு பக்கம் இவன். இவனை நம்பி ஒரு தடவை கெட்டுவிட்டோம். ஆனால் அன்றைக்கு நம்பியது இவன் வாங்கித் தந்த போனை, இவன் கண்ணை இல்லை. இது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"வண்டியைக் கூப்பிடுடா" என்றேன்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, பெரிதாக எதுவும் தெரியவில்லையே என்றார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தம்பி காலைச் சாய்த்து அந்த இடத்தை மருத்துவருக்குக் காட்டினான். அவர் யோசித்துவிட்டு, ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்தச் சிவப்பின் ஓரத்தையொட்டித் தோல்மேல் ஒரு கோடு போட்டார். சிவப்பு இதைத் தாண்டுகிறதா என்று பார்ப்போம் என்றார்.

ரத்த முடிவு வருவதற்குள் தாண்டிவிட்டது. அப்போது எனக்கும் தெரிந்தது, கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. அறுவை மருத்துவர் வந்தார். தையல் போட்ட இடத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து உள்ளே சேர்ந்திருந்ததை வெளியேற்றினார், ஊசி மருந்து ஏற்றினார், புதிதாக ஒரு கோடு போட்டார். சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லலாம், கால் இருக்குமா இருக்காதா என்பதைக் காலையில் இந்தக் கோடு சொல்லும் என்றார். என் வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டார்.

விடிந்து, வார்டில் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். மருத்துவர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. தம்பி வெளியிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டான். போர்வையை விலக்கினான். வெகுநேரம் பார்த்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

கண்ணைத் திறக்காமல்தான் கேட்டார். ஆனால் அவனைத்தான் கேட்டார்.

"சிவப்பு உள்வாங்கியிருக்கு மாமா. கோட்டுக்கு ஒரு நகம் அளவு உள்ள நிக்குது. சூடும் குறைஞ்சிருக்கு." என் பக்கம் திரும்பினான். "ஆனா நான் சொன்னா போதாதுக்கா. நீயும் பாரு."

நான் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூக்கு பாதத்தில் படும் அளவுக்குக் குனிந்தேன். நீலக் கோடு இருந்தது. கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவில், சுருக்கம் விழுந்து, காய்ந்து, அழகே இல்லாமல், அவருடைய சொந்தத் தோல் இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

அவர் முழங்கையை மடக்கிக் கண்மேல் போட்டுக்கொண்டு அழுதார். விரல்கள் போன அன்றைக்கு அழாதவர், பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதார். தம்பி போர்வையைத் திரும்ப இழுத்து அந்தக் காலை மூடினான். அவர் இன்னொரு கையை நீட்டி அவன் தலைமேல் வைத்தார், எடுக்கவில்லை.